எண்ணைச் சொன்னால் பெயர் வரணும்

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "சார், நான் அனுப்புற மெயில் எல்லாம் திரும்பி வருது, என்ன தப்பு?" தப்பு அவனுடையது அல்ல. இது நாற்பது வருடக் கதை.

1982-இல் ஜான் போஸ்டல் மின்னஞ்சல் விதிகளை எழுதியபோது, அனுப்பும் கணினி 'ஹலோ, நான் இன்னார்' என்றால் போதும். அன்று வலையில் இருந்தவை சில நூறு கணினிகளே. மறு வருடம் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையைக் கொண்டுவந்தார். பெயரைச் சொன்னால் எண் கிடைக்கும். எண்ணிலிருந்து பெயரைத் தேடுவதுதான் ரிவர்ஸ் டிஎன்எஸ். அதற்கு 192.0.2.25 என்பதை 25.2.0.192 என்று திருப்பிப் போட வேண்டும். நாம் கடிதத்தில் கதவு எண்ணில் தொடங்கி மாவட்டத்தில் முடிக்கிறோமே, இணையப் பெயரும் அப்படித்தான். ஐபி எண் மட்டும் மாவட்டத்தில் தொடங்கும்!

1989 விதி இன்னும் தாராளம்: 'ஹலோ'வில் சொன்ன பெயர் எண்ணோடு பொருந்தாவிட்டாலும் மெயிலை மறுக்கக் கூடாது.

பிறகு ஸ்பேம் வந்தது. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் குப்பையாக அனுப்பித் தள்ளின. பெயரில்லாத எண்ணிலிருந்து வந்தால் வாங்காதே என்று பலரும் முடிவெடுத்தார்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் கூகுள் இதைக் கட்டாயமாக்கியது.

இதில் ஒரு அநியாயம். பெயரை விலைக்கு வாங்கியவன் என் மாணவன்; ஆனால் எண்ணுக்குப் பெயர் எழுதும் உரிமை எண்ணை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்திடம். அவர்களுக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.