புழுங்கலரிசி காத்த உயிர்கள்

சுங்கை புரோங் வயல்களைக் கடக்கையில், "புழுங்கலரிசி ஏழைச் சோறுதானே, ஐயா?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன வரலாற்றை இங்கும் பதிவு செய்கிறேன்.

நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய், கால்களை வீங்கவைத்து, நரம்பையும் இதயத்தையும் நலித்து, ஈயச் சுரங்கங்களின் சீனத் தொழிலாளர் பலரைக் கொன்றது. அவர்கள் உண்டது தீட்டிய வெள்ளையரிசி. தோட்டங்களில் புழுங்கலரிசி உண்ட தமிழரிடமோ அந்நோய் அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலான் மருத்துவர் பிரேடன் 1907-இல் இதை நூலாகவே எழுதினார். வெள்ளையரிசியில் நஞ்சிருப்பதாக அவர் எண்ணியது மட்டும் பிழை.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முதற்பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர், மற்றதில் ஒருவருமில்லை. அவர்கள் இசைவளிக்கும் நிலையில் இல்லாதவர்கள் என்பது என் நெஞ்சை இன்னும் உறுத்துகிறது.

நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. மாவுச்சத்தை உடல் ஆற்றலாக மாற்ற அச்சத்து வேண்டும். நம் பாட்டிமார் இதை அறியார், பழக்கத்தால் உண்டனர்.

அடுத்த வாரம் இரண்டு அரிசியையும் வகுப்பில் ஒப்பிட்டுக் காட்ட எண்ணியுள்ளேன். வீட்டில் புழுங்கலரிசி வைத்திருக்கும் பெற்றோர் ஒரு கைப்பிடி கொடுத்தனுப்புங்கள்.