‘நிரந்தர முகவரி’ என்ற ஒரு கட்டத்துக்குள் அடங்காத வாழ்க்கை

பூண்டுலோயாத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போய், அங்கே போரில் உறவுகளைத் தொலைத்த குடும்பங்களின் விபரங்களை நாங்கள் சிலர் சேர்ந்து திரட்டி வருகிறோம். தொடங்கும்போது எங்களிடம் இருந்தது ஓர் எக்செல் கோப்பு மட்டுமே. பெயர், தந்தையின் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, காணாமற்போன திகதி, இடம் என ஏழு நிரல்கள்.

ஐந்தாவது நிரலில் சிக்கிக்கொண்டோம். எங்களோடு பேசிய ஒரு தாய் இங்கே மேல்கணக்கு லயமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலின்போது பெற்றோருடன் கிளிநொச்சிப் பக்கம் போனவர். போர்க்காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, 2009இல் வட்டுவாகல் கடந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, மறுபடியும் கிளிநொச்சிக்கு வந்தவர். நிரந்தர முகவரி எது என்று கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. நாங்களே கிளிநொச்சி முகவரியை எழுதிவிட்டோம்.

விளைவு பிறகுதான் தெரிந்தது. காணாமற்போன அவருடைய மகனைப் பற்றி, பூண்டுலோயாவில் இருக்கும் தாய்மாமனும் எங்களிடம் பதிந்திருந்தார். பெயரின் எழுத்து வேறு, ஊர் வேறு. ஆகவே ஒரே பிள்ளை இரண்டு பேராகப் பட்டியலில் நின்றான். பூண்டுலோயா என்று தேடினால் தாயின் பதிவு வரவே இல்லை. ஒருவரை இருவராக எண்ணினால், முழுப் பட்டியலையும் பொய்யென்று தள்ளிவிட ஒரு காரணம் கிடைத்துவிடும். இருவரை ஒருவராக எண்ணினால், ஒரு பிள்ளை இரண்டாம் முறையும் காணாமற்போகிறான்.

அதன்பின் எக்செலை விட்டு, உள்ளடக்க முகாமைத்துவ முறைமை ஒன்றுக்கு மாறினோம். ஆனால் மென்பொருளை மாற்றுவதால் மட்டும் பிரச்சினை தீராது. தரவுப் புலங்களை எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊர்ச் சங்கங்களிலும் புலம்பெயர் நாடுகளிலும் இப்படியான பட்டியல்களைத் தயாரிப்போருக்கு உதவும் என்பதால், நாங்கள் கற்றதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மாறாத ஓர் இலக்கம்

பெயரோ அடையாள அட்டையோ ஒருவரின் பதிவுக்கு அடையாளமாக இருக்கக் கூடாது. இரண்டும் மாறக்கூடியவை. ஒவ்வொரு ஆளுக்கும் அர்த்தமற்ற ஒரு தொடர் இலக்கத்தை, அதாவது முதன்மைச் சாவியை, கொடுக்க வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நூலுக்கும் அங்கே ஒரு நூலக எண் உண்டு. தலைப்பில் பிழை திருத்தினாலும் அந்த எண் அப்படியே இருக்கும்.

பெயர்

முத்துசாமி, முத்துச்சாமி, முத்துஸ்வாமி மூன்றும் ஒருவராக இருக்கலாம். தோட்டத்துச் செக்றோலில் ஆங்கிலத்தில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. பெண்களுக்குத் திருமணத்தின்பின் முதலெழுத்தும் மாறும். ஆகவே பெயரைத் தனியான அட்டவணையாக்கி, ஒரு ஆளுக்கு எத்தனை பெயரும் சேர்க்க இடம் வைத்தோம். ஒவ்வொன்றுடனும் அது எங்கிருந்து பெறப்பட்டது என்பதையும் எழுதுகிறோம்.

தமிழ் எழுத்துருவில் இன்னொரு பொறி உண்டு. ‘சௌந்தரி’ என்பதை ஔகாரக் குறியுடனும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. பாமினியில் தட்டிய பழைய பட்டியல்கள் யுனிகோட்டுக்கு மாற்றப்படாமல் தேடலில் வரவே மாட்டா. தரவை உள்ளிடும்போதே இவற்றைச் சீராக்கும் ஏற்பாடு வேண்டும். ஆனால் குடும்பத்தார் எழுதிய மூல வடிவத்தை அழிக்கக் கூடாது.

இடம்

தோட்டம், கணக்கு, லயம், காம்பரா என்று இங்கே முகவரி சொல்வார்கள். வன்னியில் கிராமசேவகர் பிரிவு, குடியேற்றத் திட்டம், முகாம் என்று வரும். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் எதையும் தேட முடியாது. எனவே இடங்களுக்கென ஒரு தனிப் பட்டியல் வைத்து, ஒவ்வோர் இடத்தையும் அதன் மேலிடத்துடன் இணைத்தோம்.

அந்த இணைப்புக்கும் காலம் தேவை. கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. 1977இல் அங்கே போனவரின் பழைய ஆவணத்தில் யாழ்ப்பாண மாவட்டம் என்று இருந்தால் அது பிழையல்ல. எங்கள் மாவட்டத்திலும் 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அகரப்பத்தனை எனப் புதிய பிரதேச சபைகள் பிரிந்தன. எல்லைகள் இனியும் மாறும். ‘இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை’ என்ற இரண்டு புலங்கள் இருந்தால் பழைய பதிவுகளைத் திருத்தத் தேவையில்லை.

திகதி

எக்செலின் திகதிக் கட்டத்தில் 1977 என்று மட்டும் தட்டினால் அது 1905 மே 30 ஆகிவிடும். எங்கள் கோப்பில் அப்படிப் பல 1905கள் இருந்தன. சித்திரைக் கடைசி என்றோ, செல் விழுந்ததற்கு மறுநாள் என்றோ ஒருவர் சொல்வதைச் சரியான நாளாக மாற்றும் உரிமை எமக்கில்லை. ஆகவே மூன்று புலங்கள்: தொடக்கம், முடிவு, அவர் சொன்ன சொற்கள். 2019இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரத்தின் இரண்டாம் பகுதி, உத்தேசத் திகதிகளைக் குறிக்க ‘2009-04~’ போன்ற முறையைத் தருகிறது. அதையே பின்பற்றினால் வேறு அமைப்புகளோடு தரவைப் பகிரலாம்.

குடியுரிமை

‘இலங்கையரா? ஆம் / இல்லை’ என்ற கேள்வி மலையகத்தவருக்குப் பொருந்தாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்தது; 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரை 1974 ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது; 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கியது. ஒரே ஆயுளில் மூன்று நிலைகளைக் கண்டவர்கள் உண்டு. இதுவும் காலத்துடன் மீள மீளச் சேர்க்கும் புலமாகவே இருக்க வேண்டும்.

நிரலைக் கூட்டாமல் நிரையைக் கூட்டுங்கள்

இடப்பெயர்வு 1, இடப்பெயர்வு 2, இடப்பெயர்வு 3 என்று நிரல்களைச் சேர்த்துக்கொண்டே போனோம். பன்னிரண்டாவதில் கைவிட்டோம். ஆள், இடம், சம்பவம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக வைத்து, ‘இந்த ஆள், இந்தச் சம்பவத்தில், இந்த இடத்தில், இந்தக் காலத்தில்’ என இணைப்பதே வழி. 1982இல் உருவான ஹியூரிடொக்ஸ் என்ற மனித உரிமை ஆவண அமைப்பு, 1993இல் வெளியிட்ட சம்பவப் படிவங்களிலும் இதே முறையைத்தான் வகுத்தது. ஒருவர் இருபது முறை இடம்பெயர்ந்தாலும் இருபது நிரைகள் கூடும்; படிவம் மாறாது.

மென்பொருள் தெரிவிலும் இதைக் கவனியுங்கள். வேர்ட்பிரஸில் நாம் சேர்க்கும் எல்லாப் புலங்களின் பெறுமதிகளும் ஒரே பொது அட்டவணைக்குள் விழும். சில நூறு பதிவுகளுக்குப் போதும். பல நிபந்தனைகளை ஒன்றாக வைத்து ஆயிரக்கணக்கில் தேடும்போது மெதுவாகும். ட்ரூபலில் ஒவ்வொரு புலத்துக்கும் தனி அட்டவணை. ஒரு புலத்தில் எத்தனை பெறுமதியும் வைக்கலாம். ஆனால் தரவு ஏறிய பிறகு புலத்தின் வகையை மாற்றுவது கடினம். ஆகவே முதலில் தாளில் வரையுங்கள்.

யார் பார்க்கலாம்?

பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஓர் எழுத்தும் கொண்டது. 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்கள். எண்களுக்கான புலத்தில் பழையது ஏறாது; எழுத்துப் புலமே வேண்டும். அதைவிட முக்கியமானது: அந்த இலக்கமே பிறந்த வருடத்தையும் நாளையும் சொல்லிவிடும், பெண்ணாக இருந்தால் நாளுடன் 500 கூடியிருக்கும். அது வெளியே போனால் ஆளே வெளியே போனதுபோல. ஒவ்வொரு புலத்துக்கும் யார் பார்க்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள். குடும்பத்தின் சம்மதம், அது பெறப்பட்ட நாள், பின்வாங்கினால் அந்த நாள் ஆகியவற்றுக்கும் புலம் வையுங்கள். தேவையில்லாத விபரத்தைக் கேட்கவே வேண்டாம்.

இன்று அந்தத் தாயின் பெயரின்கீழ் ஒன்பது இடங்கள் வரிசையாக இருக்கின்றன. முதலாவது பூண்டுலோயா. மகன் ஒரே ஒருவனாக, இரண்டு பெயர்களுடன், தாயும் மாமனும் கொடுத்த இரண்டு வாக்குமூலங்களுடன் இருக்கிறான். ‘நிரந்தர முகவரி’ என்ற புலம் இப்போது எங்கள் படிவத்தில் இல்லை.

புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வேலை சொல்வேன். கணினியைத் திறக்குமுன், உங்கள் படிவத்துக்குள் அடங்க மிகக் கஷ்டப்படுவார் என்று நீங்கள் நினைக்கும் பத்துப் பேரைத் தேடிப் போய், அவர்கள் கதையை முழுதாகக் கேட்டு எழுதுங்கள். அந்தப் பத்துப் பேரும் அடங்கும் படிவத்தில் மற்ற எல்லாரும் அடங்குவார்கள்.