கல்லீரல் சுருங்கியவருக்கு அறுவைச் சிகிச்சை: ஆபத்தை எப்படி அளக்கிறார்கள்?

பித்தப்பைக் கல், தொப்புள் குடலிறக்கம், இடுப்பு எலும்பு முறிவு என்று எதற்காக அறுவைச் சிகிச்சை என்றாலும், நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி “இருதயம் தாங்குமா?” என்பதுதான். கல்லீரல் தாங்குமா என்று கேட்பவர் குறைவு.

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோயில், நல்ல திசு இருந்த இடத்தைத் தழும்பு பிடித்துக்கொள்கிறது. தோட்டப்புறங்களில் சம்சு செய்த கேடு எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஹெப்பாட்டைட்டிஸ் பி, சி கிருமிகளும், நீரிழிவோடு சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரலும் மது தொடாதவரையும் இந்நிலைக்குத் தள்ளும்.

இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை உண்டாக்குவதும் பல மருந்துகளைச் சிதைப்பதும் கல்லீரலின் வேலை. அது பழுதடைந்தால் இரத்தக்கசிவு அதிகமாகும், மயக்கம் தெளியத் தாமதமாகும், காயம் ஆறாது, கிருமி எளிதில் தொற்றும், சிறுநீரகமும் செயலிழக்கலாம்.

மதிப்பெண் முறை

சைல்டு, டர்கோட் ஆகியோர் 1964-இல் வகுத்த முறையை, லண்டனில் பியூ குழுவினர் 1973-இல் திருத்தினர். இரத்தத்தில் பிலிருபின், அல்புமின், உறைதல் அளவு (ஐ.என்.ஆர்.), வயிற்றில் நீர், மனக்குழப்பம் ஆகிய ஐந்துக்கும் தலா 1 முதல் 3 புள்ளிகள். கூட்டுத்தொகை 5–6 என்றால் ‘ஏ’, 7–9 ‘பி’, 10–15 ‘சி’.

1984, 1997 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளில், வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்தோர் ‘ஏ’ பிரிவில் சுமார் 10 விழுக்காடு, ‘பி’யில் 30, ‘சி’யில் 75-க்கும் மேல். இன்றைய கவனிப்பில் இவை குறைந்தாலும் வரிசை மாறவில்லை.

மெல்ட் என்ற இன்னொரு கணக்கு பிலிருபின், ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைக் கொண்டது. மெல்ட் 15-ஐத் தாண்டினால் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சையைப் பொதுவாகத் தள்ளிவைப்பார்கள். நோயாளியின் வயதையும் பொதுவான உடல்நிலையையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2007-இல் வெளியிட்டது.

திட்டமிட்டால் தப்பலாம்

ஒரே நோயாளிக்கு ஒரே அறுவைச் சிகிச்சையை நள்ளிரவில் அவசரமாகச் செய்தால் ஆபத்து பன்மடங்கு. ‘ஏ’ பிரிவினருக்குப் பித்தப்பையைத் துளைவழி அகற்றுவது பெரும்பாலும் பாதுகாப்பானதே. வயிற்றில் நீர் உள்ளவரின் தொப்புள் குடலிறக்கம் வெடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் உப்பைக் குறைத்து, மருந்தால் நீரை வடித்து, பிறகு நாள் குறிப்பதே முறை. ‘சி’ பிரிவினருக்குக் கத்தி வைக்காத மாற்றுவழி உண்டா என்று முதலில் பார்ப்பார்கள்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சமானால் தனியாகப் பேசக் கேளுங்கள். திடீரென நிறுத்தினாலும் நடுக்கம், வலிப்பு வரலாம் என்பதால் மருத்துவருக்கு உண்மையான அளவு தெரிய வேண்டும். வலிக்காகக் கடையில் வாங்கும் போன்ஸ்டான் போன்ற மாத்திரைகள், நாட்டு மருந்துகள், மூலிகைப் பொடிகள் அனைத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். “எந்தப் பிரிவு? ஏ-யா, பி-யா, சி-யா? காத்திருந்தால் குறையுமா?” என்று கேட்பது உங்கள் உரிமை.

இரத்தப் பரிசோதனையை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜஃபார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஹெப்பாட்டைட்டிஸ் சி-க்கு 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை உண்டு. கால் வீக்கம், கண் மஞ்சள், வயிறு உப்பல் தெரிந்தால், அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நாள் வரை காத்திராமல் இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.