ஆக்ராவில் விவாதிக்கப்பட்ட ஒரு வசனம்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் ஓசூரில், கிறித்தவ அன்பர்கள் வாசிக்கும் தமிழ் விவிலியங்களும் ஒன்றல்ல. சீர்திருத்தத் திருச்சபையினர் பெரும்பாலும் கையாள்வது பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் கையாள்வது 1995இல் வெளிவந்த திருவிவிலியம். யோவானின் முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனத்தை இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். திரித்துவத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டுவந்த வாசகம் பழையதில் உண்டு, புதியதில் இல்லை.

இஃது அச்சுப்பிழையன்று. பழைய கிரேக்கச் சுவடிகளில் அவ்வாசகம் காணப்படுவதில்லை. எராஸ்மஸ் தம் கிரேக்கப் பதிப்புகளில் 1516லும் 1519லும் அதனைச் சேர்க்கவில்லை. கண்டனங்களுக்குப் பிறகு 1522இல் சேர்த்தார். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அது இடம்பெற்றது.

இதே வசனம் ஓசூர் முஸ்லிம்கள் பலரின் வீட்டுமொழியான உருதுவில், 1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஆக்ராவில் விவாதத்துக்கு வந்தது. ஒருபுறம் 'மீஸானுல் ஹக்' நூலை எழுதிய ஜெர்மானியப் பாதிரியார் ஃபாண்டர். அவருக்குத் துணை, பின்னாளில் லாகூரின் முதல் ஆயரான ஃபிரெஞ்ச். மறுபுறம் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி. அவருக்குத் துணை டாக்டர் வஸீர் கான். ஆங்கிலம் அறிந்த இம்மருத்துவர் ஐரோப்பிய விவிலிய ஆய்வு நூல்களைத் தேடிச் சேர்த்திருந்தார். ஃபாண்டரோ அந்த ஆய்வுகள் ஐரோப்பாவைக் கலக்குமுன்பே, 1820களில், ஊழியத்துக்காகக் கிழக்கே வந்துவிட்டவர். தம் சமய அறிஞர்களின் நூல்களே எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் என அவர் எண்ணியிருக்கவில்லை.

இவ்வசனம் உட்படச் சில இடங்களில் மாற்றம் நிகழ்ந்ததை ஃபாண்டர் ஒப்புக்கொண்டார். ஆனால் படியெடுத்தோரின் பிழைகள் அடிப்படைக் கொள்கையைத் தொடவில்லை என்றார். மாற்றம் நுழைந்த நூலை ஆதாரமாகக் கொள்வதெப்படி என்றார் மௌலானா. இரண்டாம் நாளோடு விவாதம் நின்றது. திரித்துவம் முதலான தலைப்புகள் தொடப்படவேயில்லை. நம்மவர் இதனை வெற்றி என்று மட்டுமே நினைவுகூர்வது குறைபாடு எனக் கருதுகிறேன். ஏனெனில் வேதத்தில் 'பிழை' என்பது எதனைக் குறிக்கும் என்ற வழக்கு அதன்பிறகு கிறித்தவர்களுக்குள்ளேயே முற்றியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், மீட்பின் பொருட்டு இறைவன் விரும்பிய உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றது. 1978இல் சிகாகோவில் கூடிய சீர்திருத்தத் திருச்சபை அறிஞர்களோ வேதம் முழுவதும் பிழையற்றது என அறிவித்தனர். எனினும் அப்பெருமை கண்டிப்பாகப் பொருந்துவது முதல் எழுத்துப் பிரதிகளுக்கே என்றனர். அப்பிரதிகள் இன்று எவரிடமும் இல்லை. 1857க்குப் பின் மக்காவுக்குச் சென்ற மௌலானா, 1864இல் உதுமானியத் தலைநகரில் எழுதிய 'இழ்ஹாருல் ஹக்' நூலில் விரித்துப் பேசியதும் இந்த மூலப்பிரதியின் சிக்கலையே.