மிஸ்ஸா முதல் பூசை வரை

ஞாயிறுதோறும் நாம் காணும் திருப்பலிக்கு இலத்தீனில் 'மிஸ்ஸா' என்று பெயர். வழிபாட்டின் முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் வாக்கியத்திலுள்ள சொல் அது. விடைகொடுக்கும் சொல்லே விருந்துக்குப் பெயரானது வேடிக்கைதான்! இத்தாலியர் 'மெஸ்ஸா' என்றும், பிரெஞ்சுக்காரர் 'மெஸ்' என்றும், ஆங்கிலேயர் 'மாஸ்' என்றும் வழங்கினர். போர்த்துக்கீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்து 'மிசை' ஆயிற்று. மதுரையார் காதில் அது 'மீசை' என்று விழுந்திருந்தால் வியப்பில்லை.

1606-ஆம் ஆண்டு தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரை வந்தபோது, இங்கே முன்பே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளாரிடம் கடற்கரையிலிருந்து வந்த பரதவரும் போர்த்துக்கீசியருமே இருந்தனர். உள்ளூரார் நம் வேதத்தைப் பரங்கி மார்க்கம் என்று ஒதுக்கினர். அந்நியச் சொற்களும் அதற்குத் துணைபோயின என்பதே நம் எண்ணம். நொபிலியார் பூசை, குரு, கோவில், பிரசாதம் என இந்நாட்டில் வழங்கிய சொற்களையே எடுத்தாண்டார். உடன் குருக்களே எதிர்த்தனர். அவருடைய முறைகளைப் பற்றிய வழக்கு உரோமாபுரி வரை சென்றது. 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றுக்கு அனுமதியளித்தார்.

பெயர் தமிழானாலும் பீடத்தில் இலத்தீனே 300 ஆண்டுகளுக்கு மேல் ஒலித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரே (1962-65) குருவானவர் நம் மொழியில் செபிக்கக் கேட்டோம். 'திருப்பலி' என்ற சொல்லும் பரவியது. கிராமத்துப் பெரியவர்கள் மட்டும் இன்னும் 'பூசை காண' வருகிறார்கள்.