உடற்பருமன்: வம்சமா, வாயா?

பருமனான ஒருவரைக் கண்டால், "அவர்கள் வம்சமே அப்படி" என்பார் சிலர். "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்பார் வேறு சிலர். எது உண்மை?

டென்மார்க் நாட்டில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து, அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு குழுவினர் 1986-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுடைய உடல்வாகு, சோறூட்டி வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை, பெற்றவர்களையே ஒத்திருந்தது. ஆகவே பருமனானவரைச் சோம்பேறி என்பது அநியாயம்.

எனினும், பேராக் தோட்டங்களின் வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, காண்டாவில் பால் சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக்கிழங்கே பலருக்கு உணவு. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மிகை எடையுள்ளவர்கள். இந்தியரிடையே இன்னும் அதிகம்.

இரண்டு தலைமுறையில் இரத்தம் மாறிவிடவில்லை. நடையும் உணவுமே மாறின. வம்சத்தை நாம் மாற்ற இயலாது. தேநீரில் டின் பாலைக் குறைக்கலாம், மாலையில் நடக்கலாம். ஒருவரைப் பழிப்பதை விட்டு, குடும்பமே சேர்ந்து அதைச் செய்வோம்.