குத்து என்னும் வினை

தி.நகர் நகைக்கடைகளில் காதும் மூக்கும் குத்திவிடுகிறார்கள். இச்செயலுக்கான ‘பியர்ஸ்’ என்ற ஆங்கில வினை, பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீன் மூலம் ‘பெர்ட்டுண்டெரே’. ‘பெர்’ என்றால் ஊடாக; ‘டுண்டெரே’ என்றால் இடித்தல். உறவில்லாத நம் மொழியிலும் அப்படித்தான்: காதையும் குத்துகிறோம், நெல்லையும் குத்துகிறோம்.

எழுவாய் யார் என்று பாருங்கள். தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்தும்போது குழந்தையின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. ஆணுக்கும் காது குத்துவதுண்டு. மூக்குக் குத்துவது பெரும்பாலும் பெண்ணுக்கே. அங்கே அவள் செயப்படுபொருள். ‘நெல் குத்தினாள்’ என்னும்போது அவளே எழுவாய். சிலப்பதிகார வாழ்த்துக் காதையின் வள்ளைப்பாட்டு, உலக்கை பிடித்த பெண்களின் பாட்டு. ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய குறத்தியும் எழுவாய்தான்.

அரிசி ஆலைகள் வந்தபின் கூலிக்கு நெல் குத்திய பெண்கள் அந்த வேலையை இழந்தார்கள். இன்று மயிலாப்பூர், அடையாறு கடைகளில் ‘கைக்குத்தல் அரிசி’ பொட்டலமாக விற்கிறது. ‘குத்தல்’ தொழிற்பெயர், தொழிற்பெயர் பால் காட்டாது. ‘குத்தினாள்’ என்பதில் இருந்த பெண், ‘குத்தல்’ என்றானதும் சொல்லிலிருந்தே போய்விட்டாள். ஆகவே, தொழிற்பெயர் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவியரிடம் கேட்கிறேன்: இது யாருடைய கை?